மலையில் ‘ங்க’ கிடையாது

எங்கள் பக்கத்து ஆட்கள் மாட்டைக்கூட ‘போங்க’ என்று சொல்லித்தான் விரட்டுவார்கள் என்று ஒரு கேலி உண்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் போனால் எங்கள் தோட்டம். ரேஷன் கார்டில் மலையாளம், வாயைத் திறந்தால் கோயமுத்தூர்ப் பேச்சு. பெரியவரோ சின்னவரோ, வேண்டியவரோ வேண்டாதவரோ, ‘ங்க’ போடாமல் யாராவது ஒரு வார்த்தையை முடித்துவிட்டால் எங்கள் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வரப்புத் தகராறில்கூட ‘நீங்க நல்லா இருக்க மாட்டீங்க’ என்றுதான் மண்ணை வாரித் தூற்றுவோம்.

இப்படி வளர்ந்த என்னை, எழுபதுகளின் தொடக்கத்தில், சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவரும் எங்கள் பக்கம்தான். சின்ன வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்துப் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் ‘தம்பி’. எஸ்டேட்டில் எல்லோருக்கும் ‘பிட்டரு’. “மாமியார் இல்லாத ஊடு, உனக்கென்ன கொறைங்க அம்மிணி” என்று சொந்தக்காரர்கள் என்னை வழியனுப்பினார்கள். மாமியார் இல்லை, வாஸ்தவம்தான். அட்டை உண்டு, ஆனை உண்டு, ஆவணி வந்தாலும் விடாத மழை உண்டு என்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.

அவர் அதிகம் பேச மாட்டார். எதைச் சொன்னாலும் ‘ம்’ என்பார். சாப்பிட வாங்க என்றாலும் ‘ம்’, அரிசி தீர்ந்துபோச்சுங்க என்றாலும் ‘ம்’. முதல் மாதம் அதை அடக்கம் என்று நினைத்து மகிழ்ந்தேன். இரண்டாம் மாதம் திமிர் என்று முடிவுகட்டினேன். ஒருநாள் கோபம் தாங்காமல் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். கொழுந்து பறிக்கிறவள், தெற்கத்திக்காரி, என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது.

“திமிரு இல்லட்டி, காது. எல உருட்டுற மெசினுகிட்ட வருசக்கணக்கா நின்னா அப்படித்தான் ஆகும். நீ சொல்றதுல பாதிதான் போய்ச் சேரும். மிச்சத்த அவுகளே ஊகிச்சுக்கிட்டு ‘ம்’ போடுறாக.”

அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் தாலி கட்டிய அன்றுகூட வரவில்லை. கேட்காததைக் கேட்ட மாதிரி காட்டிக்கொண்டு, நான் கோபித்துக்கொள்வேனோ என்று என் முகத்தையே பார்த்து ‘ம்’ போட்டிருக்கிறார் மனுஷன். அன்று முதல் சத்தமாகப் பேசப் பழகினேன். ஆனால் சத்தம் கூடியதே தவிர ‘ங்க’ குறையவில்லை.

எஸ்டேட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் நானும் கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். அவள் வீட்டுக்காரர் மேஸ்திரி, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். ஊரே அவருக்கு எழுந்து நிற்கும். பாதி வழியில் மேகம் இறங்கி முன்னால் போகிறவர் முதுகு மறைந்தது. உடனே அக்கா, அதுவரை ‘ஏங்க, ஏங்க’ என்று குழைந்துகொண்டிருந்தவள், புருஷன் பேரை முழுசாகச் சொல்லி, “நில்லு. எங்கன இருக்க?” என்றாள். அவரும் நின்று, “இங்கன இருக்கேன், வா” என்று பதில் சொன்னார். எதிரே வந்த கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி அதே மேஸ்திரியை, “ஏய், ஓரத்துல நிக்காத, உள்ள தள்ளி நில்லு” என்றாள். மேகம் விலகி வெயில் வந்ததும் அக்கா மறுபடியும் ‘ஏங்க’. அந்தப் பெண்ணும் தலையில் இருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாரேங்கய்யா” என்று போய்விட்டாள்.

“மலையில மேகம் மூடுனா மரியாத கெடையாது” என்றாள் அக்கா. “பேரச் சொல்லணும், நில்லு, ஒக்காருன்னு மொட்டையாச் சொல்லணும். பெரிய தொர வந்தாலும் அப்படித்தான்.”

“எதுக்குங்கக்கா?”

“எதுக்கோ. எங்க ஆளுக சொல்லுவாக, நாங்க செய்யுறோம்.”

நான் வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொல்லி, “என்னங்க இது, நாகரிகம் தெரியாத சனமா இருக்குது” என்றேன். அவர் ‘ம்’ என்றார். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ரேஷன் கடையில் குடும்பத்தலைவர் பேர் கேட்டால்கூடக் கார்டை நீட்டி, “இதுல இருக்குதுங்க, நீங்களே பாத்துக்கங்க” என்பேன்.

மற்றபடி மலையில் நடக்க வேண்டிய விதங்களையெல்லாம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். காலுக்குப் புகையிலைத் தண்ணீர் தடவினால் அட்டை ஏறாது. பாசி பிடித்த கல்லில் கால் வைக்கக் கூடாது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வைக்க வேண்டும். மேகம் மூடிவிட்டால் மலைப் பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட வேண்டும், அது விலகும்வரை எழுந்திருக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு நியாயமாகப் பட்டது. மரியாதையை விடுவது மட்டும் படவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அக்காவின் தங்கைக்குப் போடியில் கல்யாணம். நாங்கள் நாலு பேரும் போடிமெட்டு வழியாகப் பஸ்ஸில் இறங்கிப் போனோம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அன்று ராத்திரி பெய்த மழையில் மெட்டு ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. அண்ணனும் அவரும் அதற்கடுத்த நாள் காலை வேலைக்கு நிற்க வேண்டும். குரங்கணி வழியாகக் கொழுக்குமலை ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடலாம், பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேரலாம் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் பலமுறை ஏறி இறங்கிய பாதை.

குரங்கணியில் டீ குடித்தோம். கடைக்காரர், “வழுக்குப்பாறை தாண்டி ஒரு வளைவு வரும்ல, அங்கன பாதை அறுந்து கெடக்கு. நேரா போற மாதிரிதான் தெரியும், போனா பள்ளம். வலக்கைப் பக்கம் புதுசா வெட்டி விட்டுருக்காக” என்றார். அண்ணன் எங்களிடம் திரும்பி அதையே இன்னொரு முறை சொன்னார். அக்கா சரி என்றாள். நான் சரிங்க என்றேன். அவர் ‘ம்’ என்றார். பம்ப் ஸ்டவ் இரைந்த இரைச்சலில் அந்த ‘ம்’ எந்த ‘ம்’ என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏறத் தொடங்கியபோது நல்ல வெயில். எனக்கு அன்று நடை சுகமாக இருந்தது. கல்யாண வீட்டுப் பலகாரப் பை ஒரு கையில், கம்பு ஒரு கையில். முன்னால் அண்ணன், அடுத்து அவர், பிறகு நான், கடைசியில் அக்கா. ஏற்றம் வந்த இடங்களில் அவர் திரும்பிக் கையை நீட்டுவார். நான் பிடித்து ஏறிக்கொண்டு உடனே விட்டுவிடுவேன், பின்னால் அக்கா பார்க்கிறாளே என்று. “பிடிச்ச கைய எதுக்குட்டி விடுற, எனக்கு என்ன வலிக்குது?” என்பாள் அவள்.

அப்படிச் சிரித்துக்கொண்டே வந்தவள்தான், வழுக்குப்பாறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு கல்லில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. அண்ணன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போடக் குனிந்தார். “தண்ணி ஊத்துனா வலி அடங்கும்” என்று யாரோ சொன்னோம், நானாகக்கூட இருக்கும். அவர் கொண்டுவந்திருந்த காலித் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, “மேல ஓட சத்தம் கேக்குது, மொண்டுக்கிட்டு வர்றேன்” என்று ஏறினார். அவருக்குக் கேட்கிற சத்தங்களில் தண்ணீர்ச் சத்தமும் ஒன்று.

நான் அவர் பின்னாலேயே பாதை வளைகிற இடம்வரை போய் நின்றேன். காரியம் ஒன்றும் இல்லை, அவர் நடந்து போவதைப் பார்க்கத்தான். அகலமான முதுகு, நனைந்த சட்டை, ஒரு பக்கமாகச் சாய்த்து நடக்கிற நடை. கல்யாணமாகி மாதக்கணக்குத்தான் ஆகியிருந்தது, பார்த்துத் தீரவில்லை. வழுக்குப்பாறையைத் தாண்டி மேலே போனார்.

மேகம் மேலேயிருந்துதான் இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அது கீழே பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. முதலில் கால் குளிர்ந்தது. அப்புறம் பாறை மறைந்தது, அப்புறம் அவர். என் கையில் இருந்த பலகாரப் பைகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

கீழேயிருந்து அண்ணன் குரல் வந்தது. “பிட்டரு எங்க?”

“மேல போயிருக்காருங்கண்ணா.”

“வழுக்குப்பாறை தாண்டிட்டாரா?”

“தாண்டிட்டாருங்க.”

பிறகு அண்ணன் நாலைந்து முறை “பிட்டரு, பிட்டரு” என்று கத்தினார். அண்ணன் இருந்தது நான் நின்ற வளைவுக்கு அடியில். அந்தக் குரல் என்னையே பாதியாகத்தான் வந்தடைந்தது, மேலே எங்கே போகும்? “அவருக்குக் கேக்கல” என்று எனக்குச் சொன்னார். “ஒனக்குத்தான் கிட்ட. நிக்கச் சொல்லு. அறுந்த எடம் அதுக்கு மேலதான் இருக்கு. நான் தட்டித் தட்டித்தான் வர முடியும்.”

டீக்கடை ‘ம்’ எந்த ‘ம்’ என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடைக்காரர் சொன்ன எதுவும் அவர் காதில் விழவே இல்லை.

“ஏனுங்க” என்று கத்தினேன். “நில்லுங்க.”

மேகத்துக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. வழக்கம்போல அமைதியான குரல். “செரி, போறேன்.”

“நில்லுங்க. நில்லுங்க.”

“ம். பாத்துத்தான் போறேன், நீ அங்கியே இரு அம்மிணி.”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் வார்த்தையின் தலை சிதறிப்போய் வால் மட்டும்தான் அவரிடம் போகிறது என்பது எனக்கு உறைத்தது. வாங்க, போங்க, நில்லுங்க, ஏனுங்க, எங்கள் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே வால். அவர் காதில் விழுவது ‘ங்க’ மட்டும். மிச்சத்தை, தினமும் வீட்டில் செய்கிற மாதிரி, அவரே ஊகித்துக்கொள்கிறார். போங்க என்கிறாள் என்று நினைத்து, பெண்டாட்டி சொல்லைத் தட்டாமல் போய்க்கொண்டிருக்கிறார். நான் கத்தக் கத்தப் பள்ளத்தை நோக்கி நடக்கிறார்.

கீழேயிருந்து அக்கா அலறினாள். “ஏட்டி, அந்த ‘ங்க’வ விட்டுத் தொலடி. பேரச் சொல்லு. அவுக பேரு எங்க யாருக்குட்டி தெரியும், நீதான சொல்லணும்.”

சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா சொன்ன பேர். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது அந்த நொடியில் நான் உண்மையாகவே தயங்கினேன். அப்புறம், ஆயுசாவது ஒன்றாவது, இந்தக் கணம் இருந்தால்தானே ஆயுசு என்று ஏதோ வெடித்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் பேரைச் சொன்னேன். முழுப் பேர், மொட்டையாக, அடிவயிற்றிலிருந்து.

“நில்லுடா. ஒக்காரு.”

அந்த ‘டா’வை நான் போடவில்லை. அது தானாக வந்தது.

மேலேயிருந்து பதில் இல்லை.

‘ம்’ கூட இல்லை. நான் இன்னொரு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. காற்றுச் சத்தமும் எங்கோ தண்ணீர் விழுகிற சத்தமும்தான் கேட்டன. எனக்கு மேலே ஓட வேண்டும் என்று கால் துடித்தது. அண்ணன் கம்பால் தட்டித் தட்டி என் பக்கத்தில் வந்து சேர்ந்து, தோளை அழுத்தி, “நீ இங்கனயே ஒக்காரு. ஒன்னையும் தேட என்னால ஆகாது” என்றார். மலைப் பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். அண்ணன் தரையைத் தட்டிக்கொண்டு மேகத்துக்குள் போனார். கம்புச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒருமுறை சொல்லியாயிற்று, இனி மிச்சம் வைத்து என்ன ஆகப்போகிறது. பேரைச் சொல்லி நில்லு என்றேன், ஒக்காரு என்றேன், எந்திரிக்காதே என்றேன், பாவி என்றேன், என்னை விட்டுட்டுப் போயிறாதே என்றேன். அத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த பேரை அங்கே உட்கார்ந்த இடத்திலேயே சொல்லித் தீர்த்தேன். குரல் உடைந்து காற்றாகப் போகும்வரை சொன்னேன். பதில் வரவே இல்லை. இனி வராது என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. கழுத்துத் தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் அண்ணன் குரல், நிதானமாக: “இருக்காரு. ஒக்காந்துதான் இருக்காரு.”

அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

மேகம் விலக நேரம் ஆனது. விலகியதும் அண்ணன் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் அண்ணன் கம்பை நீட்டினாராம், தட்டுவதற்குத் தரை இல்லையாம். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் என்று தொடங்கி அண்ணன் அந்தப் பேச்சை முடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையில் தூக்குப்போசி, அதில் மேகம் விலகியதும் ஓடையில் மொண்ட தண்ணீர், ததும்பத் ததும்ப. ஒன்றுமே நடக்காதது போல அக்காவின் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம். வெயில் வந்துவிட்டதல்லவா, மரியாதையும் திரும்பி வந்துவிட்டது. “ஏனுங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்குதுங்களா? உக்காந்தவரு ஒரு வார்த்த பதில் சொல்லப்புடாதுங்களா? என்ற உசுரு போயிட்டுப் போயிட்டு வந்துச்சுங்க. கேக்கலீங்களா நான் கூப்புட்டது?”

“கேட்டுச்சு” என்றார்.

“கேட்டுமாங்க பதில் சொல்லலை?”

அவர் மற்ற இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். காது மந்தமானவர்களுக்குத் தாழ்த்தவும் தெரியாது, எல்லோருக்கும்தான் கேட்டது.

“எங்கம்மா போனதுக்கப்பறம் என்ற பேர யாரும் அப்படிக் கூப்புட்டதில்ல அம்மிணி. மொதல்ல கேட்டப்ப அம்மான்னே நெனச்சு உக்காந்துட்டேன். அப்பறம் நீதான்னு தெரிஞ்சுது. பதில் சொன்னா நீ நிறுத்திருவீன்னுதான் சும்மா இருந்தேன்.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். நான் அவரை அடிக்கக் கையை ஓங்கினேன், ஓங்கிய கையால் அவர் தலையில் இருந்த ஈரத்தைத் துடைத்தேன். அக்கா அண்ணன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வர, அடுத்த ஏற்றத்தில் அவர் கையை நீட்டினார். வீடு வந்து சேரும்வரை நான் விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு ஒரே ஆசை. “இன்னொருக்காக் கூப்புடு” என்பார், அடுப்படியில் வந்து நின்றுகொண்டு. நான் மாட்டேன் என்பேன். உயிர் போகிற நேரத்தில் கத்தியது வேறு, குழம்பு கொதிக்கும்போது சொல்வது வேறு. வெட்கம் பிடுங்கித் தின்னும்.

“மலையிலதானுங்க மரியாதை கெடையாது” என்பேன்.

“ஊடும் மலையிலதான இருக்குது.”

“மேகம் மூடோணுமுங்க. அதுதான் சட்டம்.”

அவர் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’ முழுசாகக் கேட்ட ‘ம்’ என்று இப்போதெல்லாம் எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். “அம்மிணி, கொஞ்சம் நடந்துட்டு வரலாமா?” என்பார். தேயிலைக் காட்டு ரோடு, பள்ளம் கிடையாது, லாரி போகிற அகலம். எனக்கு எதற்கென்று தெரியும், தெரியாதது போலப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவேன்.

முதல் ஞாயிறு மேகம் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மழை ஓய்ந்து பளிச்சென்று காய்கிற வெயில், எதிர்மலையில் மேய்கிற மாடுகூடத் தெரிந்தது. அவர் எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வரச் சொல்லலாம் என்று “ஏனுங்க” என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாக “ஏனுங்க” என்றேன். தோள் லேசாகக் குலுங்கியது, சிரிக்கிறார், ஆனால் நிற்கவில்லை. வளைவு வந்தது, அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார், நானும் பின்னாலேயே போனேன்.

நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, காட்டில் ஒரு ஆள் இல்லை. முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு, மெதுவாக, அவருக்குக் கேட்காத அளவுக்குத்தான், அந்தப் பேரைச் சொன்னேன்.

அவர் நின்றார். நின்றது மட்டுமில்லை, நட்டநடு ரோட்டில் உட்கார்ந்தும் விட்டார்.